கடலில் நிற்கும் கால்கள்

திருவனந்தபுரம் வலியதுறையில் முதலில் இருந்தது இரும்புக் கடல்பாலம். 1947 நவம்பரில் எஸ்.எஸ். பண்டிட் என்ற கப்பல் மோதி அது உடைந்தது. அதற்குப் பதிலாகக் கான்கிரீட்டில் எழுந்த பாலம் 1956இல் திறக்கப்பட்டது. 2021 மே மாதம் டவ்-தே புயல் கிளப்பிய அலைகளில் அதன் ஒரு பகுதி தாழ்ந்து வளைந்தது. பொதுமக்கள் ஏறக் கூடாது என்று வழியை அடைத்தார்கள். வளைந்த பாலம் வளைந்தபடியே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அலைக்கு முகம் கொடுத்து நின்றது. 2024 மார்ச்சில் இரண்டு துண்டாகப் பிளந்தது.

புதுச்சேரியின் கதையும் இதை ஒட்டியதே. பிரெஞ்சு ஆட்சிக்காலத்து இரும்புக் கடல்பாலத்தை 1952ஆம் ஆண்டுப் புயல் கொண்டுபோனது. பின்னர் கட்டிய கான்கிரீட் பாலத்தில் சரக்கு இறங்கிய காலம் ஒன்று இருந்தது. கப்பல் வருவது நின்றதும் அதைப் பற்றிய நினைப்பும் குறைந்தது. 2022 மார்ச்சில், வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் நிலைகொண்டிருந்தபோது, அதன் ஒரு பகுதி சரிந்து கடலுக்குள் விழுந்தது.

செய்தித்தாள்கள் இரண்டுக்கும் புயலையும் அலையையும் காரணமாக எழுதின. அது பாதி உண்மை. இந்தப் பாலங்கள் அதைவிடக் கடுமையான காற்றையும் அலையையும் இளமையில் தாங்கியவை. கடைசி அலை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கால்கள் மெலிந்திருக்க வேண்டும். ஒரு பொதுத் துறைமேடை எப்படி மெலிகிறது, மெலிவதை எப்படிக் கண்டுபிடிப்பது, எதுவரை பழுது பார்க்கலாம், எப்போது பலப்படுத்த வேண்டும், இதற்கெல்லாம் காசு யார் கொடுப்பது? உலகின் பல கரைகளில் இந்தக் கேள்விகளுக்கு நல்ல விடைகளும் உண்டு, வருந்தத்தக்க விடைகளும் உண்டு.

கான்கிரீட்டுக்குள் புதைந்த கம்பி சாதாரணமாகத் துருப்பிடிப்பதில்லை. சிமெண்டின் காரம், பி.எச். கணக்கில் 12.5க்கு மேல், கம்பியைச் சுற்றி மிக மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கிவிடுகிறது. கடல்நீரின் குளோரைடு உடைப்பது அந்தப் படலத்தைத்தான். நுண்துளைகள் வழியே உப்பு கம்பியைத் தொட எத்தனை ஆண்டு ஆகும் என்பதை, கான்கிரீட் எவ்வளவு இறுக்கமானது, கம்பிக்கு மேல் எவ்வளவு கனமாக இருக்கிறது என்ற இரண்டும் முடிவு செய்கின்றன. கட்டுமானத் தளத்தில் அந்தக் கனத்துக்குப் பெயர் ‘கவர்’. உப்பு தொட்டபின் கம்பி துருவாகிறது. துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைக் கேட்கிறது. உள்ளிருந்து எழும் அந்த அழுத்தத்தில் முதலில் கம்பியின் நீளத்துக்கு ஒரு வெடிப்பு ஓடும். பிறகு கான்கிரீட் பாளமாகப் பெயரும். வெளியே தெரியும் கம்பிக்கு அதன்பின் காவலே கிடையாது.

எல்லா உயரத்திலும் இது ஒரே வேகத்தில் நடக்காது. எப்போதும் நீரில் மூழ்கிய பகுதியில் உப்பு ஏராளம், ஆனால் ஆக்ஸிஜன் குறைவு. அங்கே கம்பி மெதுவாகவே கெடும். அலை தெறித்து நனைவதும் வெயிலில் காய்வதுமாக இருக்கும் பட்டைதான் மிக மோசமான இடம். ஒவ்வொரு முறை காயும்போதும் நீர் போய் உப்பு தங்குகிறது. மேடையின் மேற்பரப்பை மழை கழுவிவிடும்; உத்திரங்களின் அடிமுகத்தை எந்த மழையும் கழுவாது. அதனால் மேலே நடந்து போகிறவர் காலுக்குத் தளம் உறுதியாகப் படும் அதே நாளில், அவர் கால் வைத்திருக்கும் உத்திரத்தின் கீழ்வரிசைக் கம்பி பாதியாகியிருக்கலாம்.

கரைக்குக் கரை இந்தக் கணக்கு மாறும். கட்ச் வளைகுடாவின் காண்ட்லாவில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஆறு மீட்டருக்கு மேல். தூண்களின் பெரும்பகுதி நாளுக்கு இருமுறை நனைந்து காய்கிறது. சென்னைக் கரையில் அது ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். இது நல்ல செய்திபோலத் தோன்றும். ஆனால் நீர் அதிகம் வற்றாத கரையில் மேடையின் அடிப்புறத்தை நின்று பார்க்க வழியில்லை. படகிலிருந்தோ, தொங்கவிட்ட சாரத்திலிருந்தோ, முக்குளித்தோதான் பார்க்க வேண்டும். பார்ப்பது கடினம் என்பதாலேயே பார்வை தள்ளிப்போகிறது.

இரும்புத் தகடுகளை வரிசையாக அடித்து எழுப்பிய துறைச் சுவர்களுக்கு வேறொரு நோய் உண்டு. கடல் மிகத் தாழும் மட்டத்தை ஒட்டி நுண்ணுயிர்கள் கூடி, இரும்பை வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக அரிக்கின்றன. சாதாரணக் கடல் அரிப்பு ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் அளவில் இருக்க, இது அரை மில்லிமீட்டரைத் தொடும், சில இடங்களில் அதையும் தாண்டும். ஐம்பது ஆண்டு நிற்கும் என்று கணக்குப் போட்ட தகட்டில் இருபது ஆண்டிலேயே ஓட்டை விழுகிறது. ஓட்டை வழியே பின்புறத்து மண் கசிந்து போய், மேலே தார்ச்சாலை திடீரென உள்வாங்கும்போதுதான் பலருக்கும் விஷயம் தெரிகிறது. ஆரஞ்சு நிறத்தில் மேலே ஒரு பூச்சு, சுரண்டினால் அடியில் கரிய சேறு, அதற்கும் கீழே பளபளக்கும் இரும்பு: முக்குளிப்பவர்களுக்கு இதன் அடையாளம் நன்றாகத் தெரியும்.

மரத்தூண்களின் எதிரி உயிருள்ளது. கப்பல்புழு என்று சொல்லப்படும் டெரிடோ உண்மையில் புழுவே அன்று, சிப்பி இனம். குஞ்சாக இருக்கும்போது ஊசித்துளை அளவில் நுழைந்து, மரத்துக்குள்ளேயே வளர்ந்து, வெளித்தோலைத் தொடாமல் உள்ளே குடைந்துவிடும். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வடபகுதியில் நன்னீர் அதிகம் கலப்பதால் அங்கே புழு வராது என்று நம்பி, எந்தக் காப்பும் இல்லாத மரத்தூண்களில் துறைகளைக் கட்டியிருந்தார்கள். உவர்ப்பு குறைந்த நீரையும் தாங்கும் டெரிடோ இனம் ஒன்று வந்து சேர்ந்தது. 1919 முதல் 1921 வரை அந்தக் கரையில் துறைமேடைகளும் படகுத்துறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

நியூயார்க்கில் இது வேறு விதமாக நடந்தது. நூறாண்டுக்கு மேல் அந்தத் துறைமுகத்தின் நீர் அவ்வளவு அழுக்காக இருந்ததால் மரம் துளைக்கும் உயிர்கள் அங்கே வாழவில்லை. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்துக்குப் பிறகு நீர் தெளிந்தது. மீன் திரும்பியது, புழுவும் திரும்பியது. பழைய சரக்குத் துறைகளைப் பூங்காவாக மாற்றிய புரூக்ளின் பாலப் பூங்காவின் அடியில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரத்தூண்கள் இருந்தன. அவற்றுக்கு உறை போட்டு, உள்ளே சாந்து நிரப்பிக் காக்கும் வேலையைப் பூங்கா நிர்வாகம் மேற்கொள்ள வேண்டியதாயிற்று. ஆறும் கடலும் தூய்மையானது பெரிய வெற்றி. அந்த வெற்றிக்கு ஒரு பராமரிப்புச் செலவும் உண்டு என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடியில் போய்ப் பார்ப்பது என்றால் என்ன? முதல் வேலை சுரண்டுவது. கொட்டலசும் சிப்பியும் பாசியும் ஒரு சாண் கனத்துக்கு ஒட்டியிருக்கும் தூணில் வெடிப்பு தெரியாது. ஒவ்வொரு தூணையும் முழுவதும் சுரண்ட நேரம் இல்லை என்பதால், மேலோட்டமாக எல்லாத் தூணையும், சில மட்டங்களில் சுரண்டிச் சில தூண்களையும், கருவி வைத்து அளந்து ஒரு சிலவற்றையும் பார்ப்பது முக்குளிப்பு ஆய்வின் வழக்கம். கலங்கிய துறைமுக நீரில் கண் உதவாது. விரலால் தடவித்தான் வெடிப்பை அறிய முடியும். நீருக்கு மேலே சுத்தியல் பேசும். நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும், உள்ளே பாளம் விட்டது பொத்தென்று ஒலிக்கும்.

அதற்கு அடுத்த நிலையில் அளவைகள். கம்பியின் மின்னழுத்தத்தைக் கான்கிரீட்டின் மேற்பரப்பிலிருந்தே அளந்து எங்கே அரிப்பு நடக்கிறது என்று வரைபடம் போடலாம். செம்பு சல்பேட் மின்முனையை வைத்து அளக்கும்போது கழித்தல் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் அங்கே அரிப்பு நடக்க வாய்ப்பு மிக அதிகம். மேலும், கான்கிரீட்டைச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் தூளாகத் துளைத்தெடுத்து ஒவ்வோர் ஆழத்திலும் உப்பு எவ்வளவு என்று பார்க்கலாம். இந்தச் சோதனையைத்தான் முதன்மையாகச் சொல்ல வேண்டும். மற்றவை நேற்று நடந்ததைச் சொல்கின்றன. உப்பின் ஆழம், கம்பிக்கு இன்னும் எத்தனை ஆண்டு அவகாசம் என்று முன்கூட்டிச் சொல்கிறது. அவகாசம் இருக்கும்போது செய்யும் வேலை மலிவு.

கெட்டுப்போன இடத்தைக் கொத்திவிட்டுப் பூசுவது ஊரறிந்த வழி. அது பெரும்பாலும் ஏன் தோற்கிறது என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. அரிப்பு என்பது மின்வேதி நிகழ்வு. துருப்பிடிக்கும் இடம் தன்னைத் தின்று, பக்கத்தில் உள்ள கம்பிக்கு ஒருவிதக் காவலாக இருந்துவருகிறது. அந்த இடத்தை மட்டும் கொத்தி எடுத்துப் புதுக் கலவை வைத்ததும், உப்பு ஏறிய பழைய கான்கிரீட்டில் நிற்கும் பக்கத்துக் கம்பி காவலை இழக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி வட்டமாகப் புதிய வெடிப்பு. ஒப்பந்தக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று ஊர் பேசும். அவர் கலவையைச் சரியாகவே போட்டிருக்கலாம். தவறு, உப்பு எங்கெல்லாம் ஏறியிருக்கிறது என்று அளக்காமல், கண்ணுக்குத் தெரிந்த ஓட்டையை மட்டும் வேலையாக எழுதிய மதிப்பீட்டில் இருக்கிறது.

நிலைக்கும் பழுதுபார்ப்பு வேறு மாதிரி. உப்பு ஏறிய கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவு கொத்தி எடுக்க வேண்டும். அதிக அழுத்த நீரால் வெட்டினால் கம்பி அதிராது. கம்பியைச் சுத்தம் செய்து, கனம் வெகுவாகக் குறைந்த கம்பிக்குப் பக்கத்தில் புதிய கம்பி கட்டி, பெட்டியடித்து, ஓடும் பதத்தில் மைக்ரோ கான்கிரீட் நிரப்ப வேண்டும். தூணுக்குக் கண்ணாடியிழை உறை போட்டு இடைவெளியில் கிரவுட் என்ற சாந்தைச் செலுத்துவதை ஜாக்கெட்டிங் என்கிறார்கள். உறை அழகாக இருக்கும். ஆனால் உள்ளே அரிப்பை நிறுத்தாமல் மூடினால், அது நோயை மறைக்கும் சட்டையாகிவிடும்.

அரிப்பையே நிறுத்தும் வழி மின்காப்பு. இதன் தொடக்கம் 1824. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகடுகள் கடல்நீரில் கரைவதைத் தடுக்க ஹம்ப்ரி டேவி சிறு இரும்பு, துத்தநாகத் துண்டுகளை அவற்றோடு சேர்த்துப் பொருத்தினார். அத்துண்டுகள் கரைந்தன, செம்பு பிழைத்தது. ஆனால் கரையாத செம்பில் நஞ்சு இல்லாததால் கொட்டலசு மண்டிக் கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. நூற்றைம்பது ஆண்டு கழித்து, 1973இல், கலிபோர்னியாவில் ஒரு பாலத்தளத்தின் கம்பிகளுக்கு வெளியிலிருந்து மின்னோட்டம் கொடுத்து அரிப்பை நிறுத்திக் காட்டினார் ரிச்சர்ட் ஸ்ட்ராட்ஃபுல். இன்று துறைமேடைகளில் இரண்டு வகையும் உண்டு: தன்னைக் கொடுத்துக் காக்கும் துத்தநாக, அலுமினிய முனைகள் ஒன்று, மின்னோட்டம் செலுத்தும் அமைப்பு மற்றொன்று. இரண்டாவது வகை உப்பு முழுக்க ஏறிய கான்கிரீட்டையும் இடிக்காமல் காக்க வல்லது. ஆனால் மின்சாரம் ஓயாமல் வர வேண்டும், மாதம் ஒருமுறை அளவு பார்க்க வேண்டும், பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் பணியில் இருக்க வேண்டும். அந்த ஆள் இல்லாத ஊரில் முதல் வகையே பொருந்தும்.

இனி, பொருளையே மாற்றினால்? மெக்சிகோவின் யுகடான் கரையில் புரோகிரேசோ என்ற ஊர். அங்கே கடல் வெகுதூரம் ஆழமில்லை. கப்பல் வர, மேடை கடலுக்குள் நீண்டு போயாக வேண்டும். 1937 முதல் 1941 வரை டென்மார்க்கின் கிறிஸ்டியானி அண்ட் நீல்சன் நிறுவனம் 2,100 மீட்டர் நீளத்துக்கு, 12 மீட்டர் இடைவெளிகளில் 175 கண்களோடு அந்த மேடையைக் கட்டியது. உள்ளூரில் கிடைத்த சுண்ணாம்புக்கல் ஜல்லியில் போடும் கான்கிரீட் இறுக்கமாக வராது என்று பொறியாளர்கள் அறிந்திருந்தார்கள். வெப்பமோ கடுமை. எனவே தேர்ந்தெடுத்த பகுதிகளில் சாதாரணக் கம்பிக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை, சுமார் 220 டன், வைத்தார்கள். அந்தக் காலத்தில் அது துணிச்சலான செலவு.

அறுபது ஆண்டு நெருங்கியபோது, 1990களின் இறுதியில், மேடையை ஆய்ந்தார்கள். கம்பியின் ஆழத்தில் உப்பு நிரம்பியிருந்தது. கம்பியில் குறிப்பிடத்தக்க அரிப்பு இல்லை. அதற்குப் பக்கத்திலேயே, பிற்காலத்தில் சாதாரணக் கம்பியில் கட்டப்பட்ட இன்னொரு மேடை, கடலில் நீட்டி நிற்கும் உடைந்த கால்களாக மட்டும் மிஞ்சியிருந்தது. துருப்பிடிக்காத எஃகை விற்பவர்கள் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். இரண்டும் ஒரே வடிவமைப்பு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். அப்படிச் சொன்ன பிறகும், பலவீனமான கான்கிரீட்டில் எண்பது ஆண்டு கடந்து நிற்கும் மேடை என்ற உண்மை அசையாது. பழுதுபார்ப்பவர்களுக்கு இதில் ஒரு பயனுள்ள செய்தி உண்டு: எல்லாக் கம்பியையும் விலை உயர்ந்ததாக மாற்ற வேண்டியதில்லை. அலை தெறிக்கும் பட்டையில், உத்திரத்தின் வெளிவரிசையில் மட்டும் மாற்றினாலே ஆயுள் பல மடங்கு கூடும்.

அந்த எண்ணம் தமிழ்க் கரைக்கும் வந்துவிட்டது. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் துருவோடு நடந்த போராட்டம் ஒரு நூற்றாண்டுக் கதை. 2022 டிசம்பரில் அதில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் கான்கிரீட்டில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வைத்திருக்கிறார்கள். இந்தக் கரையின் உப்புக்காற்றைப் பற்றிய அறிவுக்கு ஒரு வீடும் உண்டு. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1953இல் காரைக்குடியில் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளைக் காற்றிலும் கடலிலும் வைத்துப் பல பத்தாண்டுகளாகச் சோதித்து வருகிறது. கம்பிக்குப் பூசும் சிமெண்ட் அடிப்படையிலான காப்புப் பூச்சு ஒன்றையும் அது உருவாக்கியது. கடலிலிருந்து உள்ளே தள்ளியுள்ள ஊரில் இருந்தாலும், இந்தியத் துறைமேடைகளின் மருத்துவமனை என்று அதைத் தயங்காமல் சொல்லலாம்.

பழுதுபார்ப்பும் பலப்படுத்துவதும் ஒன்றாகப் பேசப்படுகின்றன. முதலாவது, இழந்த வலுவைத் திருப்பித் தருவது. இரண்டாவது, கட்டியபோது இல்லாத வேலையை ஏற்றுக்கொள்ளச் செய்வது. ஐம்பதுகளில் கட்டிய மேடை, மூட்டையைத் தூக்கும் சிறு கிரேனுக்காகக் கணக்கிட்டது. இன்று அதன்மேல் கன்டெய்னர் லாரி ஏறுகிறது. கப்பல் பெரிதாகும்போது மோதும் விசையும் கயிறு இழுக்கும் விசையும் கூடுகின்றன. அதைவிட நுட்பமான ஆபத்து ஆழப்படுத்துவதில் இருக்கிறது. பெரிய கப்பலுக்காக மேடையின் முன்னால் இரண்டு மீட்டர் தோண்டினால், தூண் மண்ணைப் பிடித்திருக்கும் நீளம் இரண்டு மீட்டர் குறைகிறது, வெளியே நிற்கும் நீளம் இரண்டு மீட்டர் கூடுகிறது. தூணின் கான்கிரீட் பழுதே இல்லாமல் இருந்தாலும் மேடை பலவீனமாகிவிடும். பின்பக்கம் புதிய தூண் வரிசை அடிப்பது, நிலத்துக்குள் நங்கூரக் கம்பி இறக்கிப் பின்னிழுப்பது, தூண்களின் அடியில் தகட்டுச் சுவர் எழுப்பி மண்ணைப் பிடித்து நிறுத்துவது ஆகியவை இதற்குரிய வழிகள். தோண்டுவதற்கு ஒரு டெண்டரும் மேடைக்கு வேறொரு டெண்டரும் வெவ்வேறு மேசைகளில் போனால் விபத்துக்கு வழி திறக்கிறது.

நிலநடுக்கம் வேறு கணக்கு. 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபேயில் நிலம் அதிர்ந்தபோது, பெரும் கான்கிரீட் பெட்டிகளை வரிசையாக வைத்துக் கட்டிய துறைச் சுவர்கள் கடலை நோக்கி நகர்ந்தன; சில இடங்களில் ஐந்து மீட்டர் வரை. பெட்டிகளின் அடியிலும் பின்னாலும் கொட்டியிருந்த மண் நீரோடு கலந்து குழம்பானதே காரணம். அந்த நாளில் கோபே உலகின் ஆறாவது பெரிய கன்டெய்னர் துறைமுகம். மீளக் கட்ட இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. அதற்குள் சரக்கில் ஒரு பகுதி தென்கொரியாவின் பூசானுக்குப் போய்விட்டது, பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. மாயா துறையில் மட்டும், முன்கூட்டியே கூடுதல் அதிர்வுக்குக் கணக்கிட்டுக் கட்டியிருந்த துறைச் சுவர் பெரிய சேதமின்றி நின்றது. நிவாரணப் பொருள் இறங்க அது உதவியது. ஒரு துறைமுகத்தின் எல்லா மேடையையும் அந்த அளவுக்குப் பலப்படுத்தக் காசு போதாது. ஒன்றையாவது அப்படி வைத்திருக்க வேண்டும் என்ற கொள்கை ஜப்பானில் வலுப்பட்டது. சுனாமியும் புயலும் அறிந்த வங்கக்கடல் கரைக்கும் இந்தக் கொள்கை பொருந்தும்.

2004 டிசம்பர் நிலநடுக்கம் அந்தமானில் இன்னொரு சிக்கலைக் காட்டியது. போர்ட் பிளேர்ப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. வட அந்தமானின் கரையோ உயர்ந்தது. தாழ்ந்த ஊரில் இறங்குதுறைகள் பெருநீரில் நனைந்தன. உயர்ந்த கரையில் படகுக்கும் மேடைக்கும் இடையில் உயரம் கூடி, ஆழம் குறைந்தது. கடல்மட்டம் மெல்ல உயரும் இந்தக் காலத்தில், மேடையின் உயரத்தை எதிர்காலத்தில் கூட்டிக்கொள்ள வழி வைத்துப் பலப்படுத்துவது நல்லது.

சியாட்டில் நகரம் பலப்படுத்தும் வேலையில் உயிர்களையும் சேர்த்து நினைத்தது. 1930களில் மரத்தின் மேல் எழுப்பிய அதன் எலியட் விரிகுடாக் கடற்சுவரை மரம் தின்னும் சிறு நண்டின உயிர்கள் அரித்திருந்தன. 2001 நிலநடுக்கத்துக்குப் பின் அபாயம் தெளிவானது. 2012 நவம்பரில் வாக்காளர்கள் 29 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். பின்னால் உள்ள மண்ணோடு சிமெண்ட் குழம்பைப் பீய்ச்சி இறுக்கி, முன்னால் புதிய சுவர் எழுப்பினார்கள். சால்மன் குஞ்சுகள் இருண்ட மேடை நிழலுக்குள் நுழையத் தயங்கும் என்பதால் நடைபாதையில் ஒளி இறங்கும் கண்ணாடிப் பலகைகள் பதித்தார்கள். சுவரின் முகத்தில் உயிர்கள் ஒட்டி வாழ மேடு பள்ளம் வைத்தார்கள். செலவுக்கு மக்களின் வாக்கைக் கேட்டதும், கேட்கும் முன் சுவரின் நிலையை மறைக்காமல் காட்டியதும் இந்த முயற்சியின் சிறப்பு.

தள்ளிப்போடுவதன் விலையைப் பிரைட்டன் மேற்குக் கடல்பாலம் காட்டுகிறது. 1866இல் திறந்த அது 1975இல் பாதுகாப்புக் காரணத்தால் மூடப்பட்டது. 1982இல் இங்கிலாந்தின் மிக உயர்ந்த மரபுச் சின்னப் பட்டியலில் ஏறியது. 1998இல் 1.42 கோடி பவுண்டு மானியம் அறிவிக்கப்பட்டது. பக்கத்துக் கடல்பாலத்தாரின் எதிர்ப்பு, வணிகத் திட்டம் பற்றிய வழக்காடல் என்று வேலை தொடங்கவே இல்லை. 2002 டிசம்பரில் ஒரு பகுதி விழுந்தது, 2003இல் இருமுறை தீப்பிடித்தது, 2004இல் மானியம் திரும்பப் பெறப்பட்டது. 27 ஆண்டுகள் எல்லோரும் அதை நேசித்தார்கள். ஒருவரும் கீழே சாரம் கட்டவில்லை.

வேலை நடக்கும்போதே விழுவதும் உண்டு. கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் நகராட்சித் துறைமேடை 1914இல் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மரத்தூண்களின் மேல் கட்டப்பட்டது. முந்தைய புயலில் சேதமான அதன் கடல்முனையில் சீரமைப்பு நடந்துகொண்டிருந்தபோது, 2024 டிசம்பர் 23 அன்று பேரலையில் சுமார் 150 அடி நீளம் முறிந்து மிதந்துபோனது. மூன்று பேர் கடலில் விழுந்து உயிர் பிழைத்தார்கள். பாதி பிரித்த மேடை, முழு மேடையைவிடப் பலவீனமானது. அந்த நிலையில் புயல் பருவம் வந்துவிடாதபடி வேலைகளை அடுக்குவதும் பொறியாளரின் கடமை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் எந்தக் கட்டத்தில் வேலையை நிறுத்துவது என்பதை இங்கே ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

நல்ல உதாரணமாக மேற்கு ஆஸ்திரேலியாவின் பஸ்ஸல்டனைச் சொல்லலாம். 1865இல் தொடங்கி நீண்டுகொண்டே போன மரத்துறை, 1,841 மீட்டர். 1970களின் தொடக்கத்தில் கப்பல் போக்குவரத்து நின்றது. அரசு பராமரிப்பைக் கைவிட, 1978இல் ஆல்பி புயல் பெரும்பகுதியைச் சிதைத்தது. இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது ஊர்க்காரர்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள், பணம் திரட்டினார்கள். 1999இல் தீயில் ஒரு பகுதி எரிந்தது, மீண்டும் கட்டினார்கள். பிறகு 2.7 கோடி டாலர் அளவில், பெரும்பகுதி மாநில அரசின் பணத்தில், சீரமைத்து 2011இல் திறந்தார்கள். மேடை முனையில் கடலடிக் காட்சிக்கூடம், மேலே சிறு ரயில். வருகிறவர்களிடம் வாங்கும் கட்டணத்திலிருந்து பராமரிப்புக்கு என்று நிதி போகிறது. ஒரே தடவையில் வரும் பெரிய மானியத்தைவிட, தூண் மாற்றுவதற்கென்றே ஒதுங்கி நிற்கும் இந்தச் சிறு வருமானம்தான் அந்தத் துறையைக் காக்கிறது.

எல்லாத் துறைக்கும் சுற்றுலாக் கட்டணம் வராது, வரவும் கூடாது. யாழ்ப்பாணத்தின் குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு ஏறுகிறவர்களில் பக்தர் இருப்பார், ஆசிரியர் இருப்பார், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நோயாளி இருப்பார். அத்தகைய துறையை ஆறு மாதம் மூடிவிட்டுப் பழுதுபார்க்க முடியாது. பாதி பாதியாக, படகு நேரம் தவிர்த்து, தற்காலிக மிதவை மேடை வைத்துத்தான் செய்ய வேண்டும். அந்தச் செலவும் மதிப்பீட்டில் ஏற வேண்டும். அங்கிருந்து வடகிழக்கே, போரில் சிதைந்த காங்கேசன்துறைத் துறைமுகத்தில் மூழ்கிய கலங்களை அகற்றவும் அலைத்தடுப்பைச் சீராக்கவும் இந்திய உதவி வந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் தொடங்கியது. புதிய சேவை தொடங்கும் நாளில்தான் பழைய மேடையின் வயது எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது.

இந்தியாவில் விதி இல்லாமல் இல்லை. ஐ.எஸ். 456 என்ற கான்கிரீட் நெறிமுறை, 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், அலை ஏறி இறங்கும் பகுதிக்குக் குறைந்தது எம்40 தரமும் 75 மில்லிமீட்டர் கவரும் கேட்கிறது. கம்பியை அந்த இடைவெளியில் நிறுத்தும் கவர் பிளாக் நழுவி அது 40 ஆகிவிட்டால், உப்பு கம்பியைத் தொடும் காலம் பாதிக்கும் கீழே போகும். ஏனெனில் உப்பு ஊடுருவும் காலம் ஏறத்தாழ கனத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது. அதனால் பெட்டி மூடும் முன் கவரை அளந்து பதிவு செய்வது, முடிந்தபின் கருவியால் மீண்டும் அளப்பது, இரண்டு அளவையும் பார்த்த பிறகே பணம் கொடுப்பது என்று டெண்டரில் இருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு மொத்தத்தில் மிகச் சிறியது.

பாலங்களுக்கு நேர்ந்த ஒரு மாற்றம் துறைகளுக்கு இன்னும் நேரவில்லை. 1967இல் அமெரிக்காவின் ஒகையோ ஆற்றில் வெள்ளிப்பாலம் விழுந்து 46 பேர் இறந்தபின், அந்நாட்டில் சாலைப் பாலங்களைக் குறித்த இடைவெளியில் ஆய்ந்து பட்டியலில் ஏற்றுவது சட்டமானது. இந்தியாவிலும் நெடுஞ்சாலைத் துறை 2016இல் பாலங்களின் தகவல் தொகுப்பைத் தொடங்கியது. கடல்பாலத்துக்கும் இறங்குதுறைக்கும் அதே போன்ற, யாரும் பார்க்கக்கூடிய பதிவேடு வேண்டும்: கட்டிய ஆண்டு, தூண்களின் எண்ணிக்கை, தாங்கும் பாரம், உப்பு இறங்கிய ஆழம், கடைசியாக முக்குளித்துப் பார்த்த தேதி. பெரிய துறைமுகங்கள் ஒன்றிய அரசிடம், சிறு துறைமுகங்கள் தமிழ்நாடு கடல்சார் வாரியத்திடம், மீன்பிடி இறங்குதளங்கள் மீன்வளத் துறையிடம் என்று பொறுப்பு பிரிந்து கிடப்பதால், பட்டியல் ஒன்றாக இருப்பது இன்னும் அவசியம். அளக்கத் தெரிந்தவர்கள் காரைக்குடியிலும், சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையிலும், பள்ளிக்கரணையின் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்திலும் இருக்கிறார்கள். வேலையைப் பயணிகள் தினமும் ஏறி இறங்கும் சிறு துறைகளிலிருந்து தொடங்கலாம். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு புறப்படும் துறை போன்றவை அந்த வரிசையில் முதலில் வர வேண்டும். அங்கே ஒரே நேரத்தில் மேடைமேல் நிற்கும் கூட்டம் பெரிது, மேடைக்கு அடியில் இருக்கும் கடலும் அமைதியானதில்லை.